ஆறு விநாடி

காலையில் முதல் மூச்சு யாருடையதும் அல்ல.
மூன்று லிட்டர் சிரிஞ்சின் தண்டை
ஒரே சீராகத் தள்ளுவேன்.
இயந்திரமும் மூன்று என்று ஒத்துக்கொண்டால்
அன்றைய நாளை நம்பலாம்.

ஆசாரிப்பள்ளம், மாடியில் கடைசி அறை.
படியேறி வருவதற்குள்ளேயே
பாதிச் சோதனை முடிந்திருக்கும்.

அண்டி ஆபீசில் இருபத்தாறு வருஷம்
வறுக்கிற புகைக்குள் நின்ற நேசபாய்
மூக்கில் கிளிப்போடு சிரித்தாள்.
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும், இன்னும்
என்று நான் கத்தியதில்
வராந்தாவில் குழந்தை ஒன்று அழுதது.
திரையில் கோடு விறுவிறுவென்று ஏறி
இறங்கும் வழியில் குழிந்தது,
ஈரச்சேலை போட்ட கொடி மாதிரி.
காற்று இருக்கிறது, வாசல்தான் சிறுத்துப்போனது.
முதல் விநாடியில் பாதிகூட வெளிவரவில்லை.
மீதி, கல்யாண வீட்டு வாசலில்
செருப்புத் தேடும் கூட்டம்.

மருந்து உறிஞ்சக் கொடுத்துக் கால் மணி நேரம் உட்கார வைத்தேன்.
பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணுக்கு
அதே மருந்தில் அரை லிட்டர் கூடியது.
இழுப்புக்குக் கதவு அப்படித்தான், தட்டினால் திறக்கும்.
நேசபாய்க்கு நாற்பது மில்லி.
அரை கிளாஸ் கட்டன்சாயா.

கிரஷரில் கல்பொடி தின்ற சுயம்பு
இரண்டே விநாடியில் ஊதி முடித்தார்.
குழிவே இல்லாத அழகான கோடு,
ஆனால் ஒல்லி.
வாசல் அகலம். வீடு ஓர் அறைதான்.
விகிதம் எண்பத்தெட்டு என்பதை எட்டிப் பார்த்து
'நல்ல மார்க்குதானே அக்கா' என்றாள் மகள்.
அவளுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.
நேசபாய்க்கும் அவருக்கும் மொத்தம் ஒன்றரை லிட்டர்தான்.
விட முடியாததும் இல்லாததும்
வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மூச்சுமுட்டு.

பதினொன்றரைக்கு மரிய தஸ்நேவிஸ்,
கடியப்பட்டணம், சிப்பிக்கு முங்குகிறவர்.
அவர் மூச்சை இழுத்ததில் நாற்காலி முனகியது.
இரண்டாம் விநாடியில் கோடு
செங்குத்தாக அறுந்தது.
மறுபடி. மறுபடி.
நான்காம் தடவை இயந்திரமே சலித்து
சிவப்பில் எழுதியது: ஏற்க இயலாது.

'முழுசா விடுங்க. ஆறு விநாடியாவது.'
'விட்டா எப்பிடி மக்கா?
பாறைக்க அடியில வச்சு
கடைசி மூச்ச விட்டவன் மேல வரமாட்டாம்லா.'

முப்பது வருஷம் மிச்சம் பிடித்துப் பழகிய மார்பு.
அட்டைக் குழாயைக் கண்டும்
அடித்தண்ணி என்றே நினைத்தது.
கையேட்டில் இதற்கு ஒரு வரியும் கிடையாது.
'வலப்பை நெறஞ்சாச்சு,' என்றேன்.
'தலை தண்ணிக்கு மேல வந்தாச்சு. இப்போ.'

கண்ணை மூடினார்.
சீழ்க்கை போல் ஒன்று தொடங்கியது.
ஆறு. ஏழு. ஒன்பது. பதினொன்று.
இன்னும் என்று கத்த
எனக்குத் தோன்றவேயில்லை.

நாலே முக்கால் லிட்டர்.
அவர் வயதுக்கும் உயரத்துக்கும் அட்டவணை அனுமதிப்பதைவிட
ஒன்றேகால் அதிகம்.
விகிதம் மட்டும் ஐம்பத்தெட்டு.
கோட்டில் நேசபாயின் அதே குழிவு.

'பீடி உண்டா?'
'குளிருக்கு. கரையேறினா ரெண்டு.'
'ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரையேறுவீங்க?'
விரல்விட்டு எண்ணத் தொடங்கி
இரண்டாவது கைக்குப் போகும்போது நிறுத்தினார்.

பிறகு கழுத்தைச் சாய்த்துத் திரையைப் பார்த்தார்,
தலைகீழாகப் பார்க்கிறவர் போல.
'முட்டத்துக்குத் தெக்க பாரு இப்பிடித்தான் சரியும்.'
விரல் குழிவில் நின்றது.
'இதுல சிப்பி ஒட்டாது. வெறும் மண்ணு.
எத்தன பாகம் இருக்கும்?'
லிட்டரும் விநாடியும்தான் என்னிடம் இருந்தன.

மூன்று ஊதல் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி.
'இன்னும் ரெண்டு தடவை முங்கணும்' என்றேன்.
சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து
மேசையில் வைத்துவிட்டு
கிளிப்பைத் தானே மாட்டிக்கொண்டார்.